ஒன்பது வரி தள்ளி

மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, மாலை ஏழு பத்துக்கு நான் அந்தத் திருத்தத்தைப் போட்டேன். என் நோட்டில் நேரம் இருக்கிறது. திரையில் வந்த வரியும் இருக்கிறது. பார்த்து அப்படியே எழுதி வைத்தேன். எழுதினேனே தவிர அதன் பொருளை யோசிக்கவில்லை. எட்டு மணிக்கு அசரியா சரிபார்க்க வந்துவிடுவார், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. இதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் இல்லவே இல்லை என்று சொல்லியிருப்பேன்.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் எங்கள் மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பு. ஆறரை முதல் எட்டரை வரை. பகலில் நான் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் கையுறைகளைச் சரிபார்த்து அட்டைப்பெட்டியில் அடுக்குகிறேன். சங்கு ஊதியதும் பஸ் பிடித்து வந்துவிடுவேன். சி மொழி வகுப்பை முடித்தவர்களில் ஏழு பேர் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டோம். அதற்குக் காரணம் 'மறுதேதி'.

மறுதேதி ஒரு சிறிய புரோகிராம். குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட நாளைத் தட்டினால், அடுத்து எந்தத் தேதிக்கு வர வேண்டும் என்று ஒரு சீட்டு அச்சாகி வரும். எங்களுக்கு முந்தைய வகுப்பில் இருந்தவர்கள் எழுதியது. அதை யாருக்கும் விற்கவில்லை. பிளாப்பியில் புரோகிராமோடு அதன் மூலமும், அதாவது நாங்கள் தட்டிய வரிகளும், சேர்ந்தே இருக்கும். யாரும் பிரதி எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். படப்பையில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரியிலும் கூடுவாஞ்சேரியில் ஒரு கிளினிக்கிலும் அது ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு பதிப்புகள் வைத்திருந்தோம். ஆஸ்பத்திரியில் ஓடுவது 2.0. கடைசி எண் இரட்டைப்படை என்பதால் அதை இரட்டை என்போம். புதிய வேலைகள் நடப்பது 2.1-இல். அது ஒற்றை. லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை எழுதுகிறவர்கள் எண் போடும் முறையைப் பார்த்து எடுத்துக்கொண்டது. ஒற்றையில் என்ன வேண்டுமானாலும் உடையலாம். இரட்டையில் எதுவும் உடையக் கூடாது. ஒற்றை, ஏழு பேரில் ஒருவரான மாணிக்கவேல் கையில். அவர் அதிகம் பேசமாட்டார், யாரோடும் சண்டைக்குப் போகமாட்டார், ஒரு மாதம் வைத்திருந்தால் பழைய கோப்பு அடையாளமே தெரியாதபடி மாற்றி அடுக்கிவிடுவார். இரட்டை முதலிலிருந்தே, எங்களில் மூத்தவரான அசரியா கையில் இருந்தது.

விதிகளையும் அசரியாதான் எழுதினார். வகுப்புக்குப் பொதுவான நீள நோட்டின் முதல் பக்கத்தில், பச்சை மையில். பிழை எங்கே தெரிந்தாலும் அதன் திருத்தம் முதலில் ஒற்றையில் போட வேண்டும். பதினான்கு நாள் அங்கே ஓட வேண்டும். ஒன்றும் கெடவில்லை என்றால்தான் இரட்டைக்கு எடுத்துப் போகலாம். எடுத்துப் போட்டவர் ஒரு கையெழுத்து, பார்த்தவர் ஒரு கையெழுத்து. பிறகு ஒரு சோதனைச் சீட்டு அச்சடித்து நோட்டில் ஒட்ட வேண்டும். சோதனைச் சீட்டுக்கென்று ஒரு கற்பனைக் குழந்தை உண்டு. அது எப்போதும் மாதத்தின் ஒன்றாம் தேதியில்தான் ஊசி போட்டுக்கொள்ளும். அதுவும் அசரியாவின் ஏற்பாடு.

ஜனவரியில் அசரியாவுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. எட்டு மணிக்கு முன்னால் வர முடியாது. இரட்டையை யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்றானபோது, தவறாமல் வருகிறவள், எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவள் என்று என் பெயரைச் சொன்னார்கள். முதலில் சொன்னது மாணிக்கவேல். எனக்கே அது சரியாகப் படவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தபோது அசரியா முந்திக்கொண்டார்.

"பொட்டி அடுக்குற பொண்ணு கையில இரட்டையைக் குடுக்குறீங்க. குடுங்க. எது மேல, எது கீழன்னு அம்பு போட்டு ஒட்டிக் குடுத்துடுங்க, பாவம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அப்புறம் சொன்னேன். தகுதி இருக்கிறதென்று நினைத்துச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புக்குச் சொன்னேன். அன்று முதல் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு மேடம் என்றார். நான் நோட்டில் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் எட்டு மணிக்கு வந்து பச்சைப் பேனாவோடு படித்தார். தேதிக்குப் பிறகு புள்ளி வைக்கவில்லை என்று ஒரு நாள் வட்டம் போட்டிருந்தார்.

பிப்ரவரி முதல் வாரத்தில் படப்பையிலிருந்து ஒரு புகார் வந்தது. அங்கே ஊசி போடும் நர்ஸ் பொன்னி போன் செய்தார். மே முப்பத்தொன்றில் பிறந்த ஒரு குழந்தைக்கு ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்கு மறுதேதி பிப்ரவரி முப்பத்தொன்று என்று சீட்டு வந்திருக்கிறது. குழந்தையின் அப்பா வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதியைத் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை, ஆஸ்பத்திரிக் காலண்டரில் இருக்குமோ என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பொன்னி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மாணிக்கவேல் அதற்கு மூன்றே வரியில் திருத்தம் எழுதினார். கூட்டி வந்த மாதத்தில் அத்தனை நாள் இல்லையென்றால் அதன் கடைசி நாளோடு நிறுத்திக்கொள். அவ்வளவுதான். பிப்ரவரி இருபத்துமூன்றாம் தேதி ஒற்றையில் போட்டார். பதினான்கு நாள் ஓடியது. மார்ச் ஒன்பதாம் தேதி அதை இரட்டைக்கு எடுத்துப் போக வேண்டியது என் வேலை.

இதைக் கையால் தட்டுவதில்லை. பேட்ச் என்று ஒரு கருவி இருக்கிறது. திருத்த வேண்டிய வரிகளும், அவற்றுக்கு மேலே மூன்று வரி, கீழே மூன்று வரியும், எத்தனையாவது வரி என்ற எண்ணும் ஒரு சின்னக் கோப்பில் இருக்கும். கருவி அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு பழைய மூலத்தில் அதே இடத்தைத் தேடும். சொன்ன எண்ணில் அந்த வரிகள் இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் தேடும். அதே மாதிரி வரிகள் எங்கே முதலில் கிடைக்கிறதோ அங்கே திருத்தத்தைச் செருகிவிட்டு, இத்தனை வரி தள்ளிப் பொருந்தியது என்று ஒரு தகவல் சொல்லும்.

எனக்கு ஒன்பது வரி தள்ளிப் பொருந்தியது என்று சொன்னது. ஒன்பதுதானே என்று நினைத்தேன். கம்பைல் ஆனது, கம்ப்யூட்டர் பிழை எதுவும் காட்டவில்லை. ஒன்றாம் தேதிக் குழந்தைக்குச் சீட்டு அடித்தேன். மார்ச் ஒன்றுக்கு மார்ச் இருபத்தொன்பது. சரி. ஒட்டினேன், கையெழுத்துப் போட்டேன். எட்டு மணிக்கு அசரியா வந்தார். அன்று அவருக்கு என்ன கோபமோ, படிக்கவே இல்லை. நோட்டை நின்றபடியே புரட்டி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் பச்சையில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மேடம் போட்டா சரியாத்தான் இருக்கும் என்றார். அந்த ஒரு நாள் அவர் வட்டம் போடவில்லை என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன். மறுநாள் காலையில் பிளாப்பி படப்பைக்குப் போனது.

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை, கூடுவாஞ்சேரிக்கான பிளாப்பியைத் தயார் செய்ய உட்கார்ந்தேன். படப்பைக்கு என்னென்ன செய்தேன் என்று என் நோட்டில் பார்த்துப் பார்த்துச் செய்வது என் வழக்கம். அப்போதுதான் அந்த ஒன்பது கண்ணில் பட்டது. ஏன் ஒன்பது? மாணிக்கவேல் ஒற்றையில் எத்தனையோ பக்கங்களை இடம் மாற்றியிருக்கிறார். இரட்டையில் ஒன்றும் நகரவில்லை. அப்படியானால் தள்ளிப்போன தூரம் எழுபது எண்பது வரியாவது இருக்க வேண்டும். ஒன்பது என்பது குறைவு. நான் குறைவு என்பதால் நம்பியிருந்தேன். குறைவு என்பதால்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரட்டையின் கோப்பைத் திறந்து அந்த வரிக்குப் போனேன். மூன்று வரியும் அங்கே இருந்தன. மேலே ஏறிப் பார்த்தேன். அது மாதத்தைக் கூட்டும் பகுதி இல்லை. வாரத்தைக் கூட்டும் பகுதி. இரண்டு பகுதியிலும் மேலும் கீழும் உள்ள அந்த ஆறு வரிகள் ஒரே மாதிரி. மாதப் பகுதி எண்பது வரிக்குக் கீழே, தொடப்படாமல், பழைய பிழையோடு இருந்தது.

வாரப் பகுதியில் செய்யும் வேலை எளிது. வந்த தேதியோடு இருபத்தெட்டு நாளைக் கூட்டும். மாதத்தைத் தாண்டினால் மிச்ச நாட்களை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகும். என் மூன்று வரி அதற்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, மாதத்தைத் தாண்டும் எதையும் கடைசி நாளோடு வெட்டிவிட்டது. மார்ச் பதினொன்று என்று தட்டினேன். ஏப்ரல் எட்டு வர வேண்டும். மார்ச் முப்பத்தொன்று வந்தது. பதினெட்டு என்று தட்டினேன். மார்ச் முப்பத்தொன்று. ஒவ்வொரு தேதியாகத் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய தேதிகளுக்கு மட்டும் சரியாக வந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் மார்ச் முப்பத்தொன்று.

படப்பையில் ஊசி போடுவது புதன்கிழமை மட்டும். அன்றுதான் ஐஸ் பெட்டியில் மருந்து வரும். இரண்டு புதன்கிழமை கடந்துவிட்டது. அந்த இரண்டு நாளும் வந்து, நான்கு வாரத்தில் திரும்ப வேண்டிய குழந்தைகளுக்கெல்லாம் மார்ச் முப்பத்தொன்று என்று சீட்டுப் போயிருக்கிறது. முப்பத்தொன்று செவ்வாய்க்கிழமை. வந்தால் மருந்து இருக்காது. இருந்தாலும் போடக் கூடாது, நான்கு வாரம் ஆகியிருக்காது. பஸ் ஏறி வந்து ஏமாந்து போகும் தாய் மறுபடி வருவாளா என்பது அவள் இஷ்டம்.

எட்டு மணிக்கு அசரியா வந்தார். மாணிக்கவேலும் இருந்தார். நான் நின்றுகொண்டு வரிசையாகச் சொன்னேன். என் தப்பு என்பதையும் சொன்னேன். மூன்று வரியை இப்போதே எடுத்துவிட்டு, சரியான இடத்தில் போட்டு, நாளைக்குப் படப்பைக்கு எடுத்துப் போகிறேன், ஒரு கையெழுத்து வேண்டும் என்றேன்.

அசரியா உட்கார்ந்தார். நோட்டைத் தன் பக்கம் இழுத்து முதல் பக்கத்தைத் திறந்தார்.

"இந்தப் பிழை ஒற்றையில இருக்கா?"

"இல்ல. ஒற்றையில சரியான இடத்துல இருக்கு."

"அப்போ ஒற்றையில என்னத்தத் திருத்துவ?"

"அங்க திருத்த ஒண்ணுமில்லண்ணா. இது இரட்டையில மட்டும் வந்த பிழை."

"ஒற்றையில போடாத திருத்தம் இரட்டைக்கு வராது. நான் எழுதி வெச்சதுதான். நீயும் தினம் படிக்கிறதுதான். ஒற்றையில போடு, பதினாலு நாள் ஓட்டு, அப்புறம் வா."

பதினான்கு நாள் என்றால் ஏப்ரல் மூன்று ஆகிவிடும் என்றேன். அது அவருக்கும் தெரியும் என்றார். புதிதாக எதையும் போடவில்லை, போட்டதை எடுக்கத்தானே போகிறோம் என்று மாணிக்கவேல் மெதுவாகச் சொன்னார். எடுப்பதும் மாற்றம்தான் என்றார் அசரியா. மாணிக்கவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் இன்னும் ஒரு வாக்கியம் பேசியிருக்கலாம் என்று எனக்கு அவர்மேல் இன்றுவரை வருத்தம்.

நான் மார்ச் ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திருப்பி, இரண்டு கையெழுத்துக்கு நேராக விரலை வைத்தேன். அசரியா அதைப் பார்த்தார். முகம் மாறியது.

"உன்ன நம்பிப் போட்டேன்."

"நீங்க படிக்கல."

"படிக்கல. மேடம் போட்டது சரியா இருக்கும்னு நெனச்சேன். பத்து ஊருக்குச் சொல்லு, அசரியா ஒரு பொண்ண நம்பி ஏமாந்துட்டான்னு." குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "இப்போ என்ன சொல்ற? அவசரத்துல ஒண்ணு போட்ட. அது எங்கேயோ போய் உக்காந்துது. இப்போ அதே அவசரத்துல இன்னொண்ணு போடறேங்கிற. இது எங்க போய் உக்காரும்? உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னை அடித்தது. அவர் என்மேல் இருக்கும் கசப்பில் பேசுகிறார், தன் கையெழுத்தை மறைக்கப் பேசுகிறார் என்பதெல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி. இருபது நிமிஷத்துக்கு முன்னால்தான் பிழையைக் கண்டுபிடித்திருந்தேன். அந்த அவசரத்தில் போடும் திருத்தத்தை நானே நம்புவேனா?

ஒன்றாம் தேதிக் குழந்தைக்கு நான்கு வாரம் கூட்டினால் மாதமே தாண்டாது, அது எதையும் பாஸ் செய்துவிடும், அந்தச் சோதனையே போதாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"பரீட்சையில கோட்டை விட்டுட்டுக் கேள்வித்தாள் மேல பழி போடற" என்றார்.

முப்பத்தொன்றாம் தேதிக்கு அந்தத் தாய்மார்களுக்கு என்ன பதில் என்று கேட்டேன். அதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு, கையால் எழுதச் சொல், கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் யாரும் குழந்தைக்கு ஊசி போடவில்லையா என்றார். இரட்டையில் இனி நீ கை வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். பிளாப்பிகள் இருக்கும் அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் அவரவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்கள்.

வீட்டில், அதாவது சேலையூரில், யாரிடமும் சொல்லவில்லை. அசரியா வேண்டுமென்றே சொன்னாரா, வெறுப்பில் வாய்க்கு வந்ததா தெரியாது. கையால் எழுதச் சொல் என்றதில் மட்டும் ஒரு வழி இருந்தது. அதற்கு ஒற்றையும் வேண்டாம், இரட்டையும் வேண்டாம், யார் கையெழுத்தும் வேண்டாம்.

சனிக்கிழமை கம்பெனியில் அரை நாள். தாம்பரம் வந்து படப்பை பஸ் பிடித்து மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொன்னி சிஸ்டர் ஊசிகளை வேகவைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. திரும்பியபோது அவர் முகத்தில் பிப்ரவரியில் போனில் கேட்ட சிரிப்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை என்று வந்ததை அவரும் கவனித்திருக்கிறார். மார்ச் கணக்கை முடிப்பதற்காக நாங்களே உள்ளே ஏதோ செய்து, எல்லாரையும் முப்பத்தொன்றாம் தேதிக்கு இழுக்கிறோம் என்று நினைத்திருக்கிறார். வருஷா வருஷம் மார்ச் முடிவதற்குள் இலக்கை முடி என்று மேலேயிருந்து உயிரை எடுக்கிறார்கள். அதற்காக அன்று மருந்துக்குத் தனியாகச் சொல்லி வைக்கலாம் என்றுகூட இருந்தாராம். ஒரே புதன்கிழமையில் வந்தவர்களுக்கெல்லாம் எப்போதும் ஒரே தேதிதான் வரும் என்பதால் வேறு சந்தேகம் எழவில்லை.

"அந்தப் பிப்ரவரி முப்பத்தொண்ணே தேவலை" என்றார். "பார்த்ததும் தப்புன்னு தெரிஞ்சுது. இது தப்புன்னு தெரியாத மாதிரி தப்பாச் சொல்லுது. நான் சொல்லியிருந்தா நாலு வாரம்னு விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருப்பேன். பொட்டி சொல்லுதேன்னு எண்ணாம விட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும் என்றார். எழுந்து போய்க் கம்ப்யூட்டரை அணைத்து, அதன் மேல் படுக்கை விரிப்பு ஒன்றைப் போட்டு மூடினார். பிறகு ரிஜிஸ்டரை என் முன்னால் போட்டார். பதினொன்றாம் தேதி இருபத்தொரு குழந்தைகள். பதினெட்டாம் தேதி பதினாறு. முப்பத்தேழு.

நினைவூட்டலுக்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு கட்டு போஸ்ட்கார்டு இருந்தது. முப்பத்தேழு பேருக்கும் எழுத உட்கார்ந்தேன். தேதியை மட்டும் பொன்னி சிஸ்டர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்றார். நானாகக் கணக்குப் போட அவர் விடவில்லை. சுவர்க் காலண்டரில் புதன்கிழமைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணி, ஏப்ரல் எட்டு, ஏப்ரல் பதினைந்து என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார். எல்லாருக்கும் ஒரே இரண்டு தேதிதானே என்று நான் சொல்லவில்லை. பல முகவரிகள் தபாலுக்கு ஆகாது. பம்புசெட்டுக்குப் பின்னால் என்று ஒன்று. கன்னியம்மா வீட்டுக்கு எதிரில் என்று ஒன்று. இருபத்தாறு கார்டு தபாலில் போனது. மிச்சம் பதினொன்றைப் பால்வாடிக்கு வருகிறவர்கள் மூலம் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். இருட்டுவதற்குள் என்னைப் பஸ் ஏறச் சொன்னவர், போகும்போது முப்பத்தொன்றாம் தேதி நீ இங்கே இருக்க வேண்டும் என்றார்.

"வர்றவங்ககிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நான் வாங்கிக் கட்டிக்கணும்."

திங்கட்கிழமை வகுப்பில் இரட்டையை மறுபடி அசரியாவுக்கே கொடுத்தார்கள். அதற்குப் பேச்சே தேவைப்படவில்லை. படப்பை இனி நம் புரோகிராமை ஓட்டாது என்று நான் சொன்னதும், இருந்த இரண்டில் ஒன்று போச்சு என்று யாரோ சொன்னார்கள். அசரியா தன் விதிப்படியே செய்தார்: அந்த மூன்று வரிக்கு மாணிக்கவேலை ஒற்றையில் ஒரு மாற்று எழுதவைத்து, பதினான்கு நாள் ஓட்டி, ஏப்ரலில் இரட்டையில் கருவியை விடாமல் கையாலேயே வரி வரியாகப் போட்டார். பிறகு அலமாரி திறந்திருந்த ஒரு நாள் நான் ரகசியமாக எடுத்துப் பார்த்தேன். தப்பே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்ததையும் எழுதிவிடுகிறேன்.

முப்பத்தொன்றாம் தேதி லீவு கேட்டேன். கப்பல் ஏற்றும் வாரத்தில் லீவா என்று சூப்பர்வைசர் கத்தினார். எடுத்துக்கொண்டேன். எட்டு மணிக்கே படப்பை ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். பத்து மணிக்குள் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். சிலர் கார்டு வரவில்லை என்றார்கள், சிலர் வந்தது, படிக்க ஆளில்லை என்றார்கள். ஒவ்வொருவரிடமும் சீட்டை வாங்கி, பழைய தேதியை அடித்து, புதிய தேதியை எழுதி, நான்கு வாரம் ஆகவில்லை, இன்று போடக் கூடாது என்று சொன்னேன். ஒருத்தி சீட்டை என் கையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஓடிப்போய்க் கொடுத்தேன். வேறொருத்தி, பேஜாராப் போச்சு, கூலி போச்சு, நீ குடுப்பியா என்றாள். மற்றவர்கள் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்கள். அதுதான் அதிகம் கஷ்டமாக இருந்தது.

பதினோரு மணிக்கு மேல் ஒருத்தி வந்தாள். ஒரகடம் பக்கத்தில் ஏதோ ஊர், இரண்டு பஸ் மாறி வந்ததாகச் சொன்னாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சீட்டை வாங்கிப் பார்த்தேன். குழந்தையின் பெயர் துரை, வந்த தேதி மார்ச் பதினொன்று. ஒன்பது பேரிடம் சொன்னதையே சொன்னேன். அவள் நான் பேசுவதைக் கேட்காமல் என் புடவையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி உடுப்பு இல்லை.

"நீ யாரு? நர்ஸா?"

"இல்லீங்க."

"அப்பால இன்னாத்துக்கு வாசல்ல நின்னுகினு போ போங்கற?"

"இந்தத் தேதியத் தப்பாப் போட்டது நான்தான். கம்ப்யூட்டர்ல. அதனாலதான் நிக்கிறேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"இப்ப எப்போ வரச் சொல்ற?"

"ஏப்ரல் எட்டு. புதன்கிழமை."

"அது மட்டும் சரியா கீதுன்னு எப்பிடி நம்பறது? அதும் நீ சொல்றதுதான?"

நன்றாகச் சரிபார்த்துவிட்டோம் என்று சொல்லலாம். மார்ச் ஒன்பதாம் தேதியும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான் சொல்றத நம்ப வேணாம், நீங்களே எண்ணிக்குங்க, போன தடவை வந்த புதன்கிழமையிலிருந்து நாலு புதன்கிழமை என்றேன். அவள் சுவரோரமாகப் போய் நின்று, குழந்தையின் முதுகில் இருந்த கையின் விரல்களை மடக்கினாள். பதினெட்டு, இருபத்தஞ்சு, ஒண்ணு, எட்டு. ஒருமுறை எண்ணிவிட்டு என்னைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

சீட்டைக் கொடுங்கள், பழைய தேதியை அடித்துவிட்டுப் புதுசை எழுதித் தருகிறேன் என்று கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"இதுல கை வைக்காத. வேற கடுதாசில எழுதிக் குடு. ரெண்டையும் வெச்சிக்கிறேன். எது பொய்யின்னு நான் வந்து பாத்துக்கறேன்."

என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ஏப்ரல் எட்டு, புதன்கிழமை என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டையும் ஒன்றாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கிப் போனாள்.